தொட்டிக்குத் தாழ்ப்பாள் போடட்டும்

குளிர்கால உறக்கத்துக்குக் கொழுப்புச் சேர்க்க, இலையுதிர் காலத்தில் அமெரிக்கக் கருங்கரடி நாளில் 20 மணி நேரம் வரை இரை தேடுகிறது. ஓக் கொட்டையும் காட்டுப் பழமும் பொய்த்த ஆண்டில் அது குப்பையைத் தேடி ஊருக்குள் இறங்காமல் என்ன செய்யும்? பிடித்துத் தொலைவில் விட்டாலும் 100 கிலோமீட்டர் கடந்துகூடத் திரும்பி வந்துவிடும், அப்புறம் துப்பாக்கிதான். மனிதர் மூடாமல் விட்ட குப்பைக்குக் கரடி உயிரைக் கொடுப்பது அநியாயம்.

கொலராடோவின் டுராங்கோ நகரில் ஆய்வாளர்கள் கரடியால் திறக்க முடியாத குப்பைத் தொட்டிகளை 1,000க்கும் மேல் வழங்கினர். அவை வழங்கப்பட்ட பகுதிகளில் குப்பையால் வரும் மோதல், வழங்கப்படாத பகுதிகளைவிடச் சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் தாழ்ப்பாள் சரியாக விழாவிட்டால், பாதத்தால் ஒரே நெம்பு, மூடி திறந்துவிடும். எனவே பூட்டுத் தொட்டியைக் கட்டாயமாக்கி, மீறுவோருக்கு அபராதம் விதிக்க வேண்டும். தொட்டிச் செலவை நகராட்சிகளே ஏற்கட்டும்.