"கலக்கப்போவது யாரு" முன்பு போல் இல்லையா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் சஹனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பேச்சு எப்படியோ டீவிப் பக்கம் போனது. "இந்தக் கலக்கப்போவது யாரு இப்ப பார்க்கவே ஏலா. முந்தி மாதிரி ஒன்டுமில்ல" என்றார் பக்கத்தில் இருந்த நானா. ஆறு பேரில் ஐந்து பேர் தலையாட்டினோம். ஆறாவது ஆள் வட்டிலப்பம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு யோசித்துப் பார்த்தோம். நாம் தலையாட்டியது பாதி சரி, பாதி பிழை என்றுதான் தோன்றுகிறது.

சரியான பாதியை முதலில் சொல்வோம். விஜய் டீவியில் அந்த நிகழ்ச்சி 2005இல் ஆரம்பமானது. அப்போது நமக்கு ஓ.எல். வயது. நம் பக்கத்தில் டிஷ் பூட்டிய வீடுகள் குறைவு. இஷா தொழுதுவிட்டு யாராவது ஒருவருடைய வீட்டு ஹோலில் போய் நெருக்கியடித்து உட்காருவோம். மேடையில் ஒரு மைக், ஒரு ஆள், சில நிமிடங்கள். மதுரை முத்து நின்ற இடத்தில் நின்றபடி பகிடிகளை அடுக்கிக்கொண்டே போவார். சிவகார்த்திகேயன் நடிகர்களின் குரலில் பேசுவார். மூன்றாவது சீசனில் வென்றவர் அவர்தான். அதே டீவியில் லொள்ளு சபாவும் போனது. ராம்பாலாவின் இயக்கத்தில் சந்தானம், சுவாமிநாதன், மனோகர் எல்லோரும் சேர்ந்து பெரிய பெரிய ஹீரோக்களின் படங்களைப் பிரித்து மேய்ந்தார்கள். 'போக்கிரி' வந்தால் இவர்கள் 'பேக்கரி' என்பார்கள். அடுத்த நாள் வகுப்பில் அதைத்தான் பேசுவோம்.

இப்போது ஏன் அப்படி இல்லை? திறமை குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. நிகழ்ச்சி இடையில் நின்று திரும்ப வந்தபோது குரேஷி, அறந்தாங்கி நிஷா, பாலா, புகழ், தீனா என்று நல்ல ஆட்கள் வந்தார்கள். 'அது இது எது'வில் ராமர் செய்த "என்னம்மா" நம் வரக்காப்பொல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து சேர்ந்ததே!

பிரச்சினை வேறு. ஒரு நகைச்சுவைக் கலைஞன் முதல் தடவை டீவிக்கு வரும்போது, கல்லூரி மேடையிலும் ஊர்த் திருவிழாவிலும் பல வருடமாகச் சேர்த்த சரக்கோடு வருகிறான். டீவி அதை ஒரே சீசனில் தின்று முடித்துவிடும். அடுத்த வாரத்துக்கு என்ன செய்வது? நன்றாகச் செய்தவர்களைச் சினிமா கூப்பிட்டுக்கொள்ளும். சந்தானம் போனார், லொள்ளு சபாவில் சின்னச் சின்ன வேடங்களில் நின்ற யோகி பாபு போனார், சிவகார்த்திகேயன் 2012இல் 'மெரினா'வோடு போனார். போனது அவர்களுக்கு நல்லதுதான். 2019இல் 'குக் வித் கோமாளி' வந்ததும் புகழும் பாலாவும் சமையலறைக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த நேரத்தை நிரப்ப, அந்த டீவிக்காரர்கள் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வதே நிகழ்ச்சியாகிவிட்டது. நடுவர்கள் சிரிப்பதைக் காட்டி, பின்னால் ஒரு சத்தத்தையும் போட்டு, இந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள்.

இனி, நாம் பிழைவிட்ட பாதி. பழையது சுத்தமாக இருந்தது என்று நினைக்கிறோமே, அது உண்மையா? ஆறுதலாக யூடியூபில் பழைய பகுதிகளைப் போட்டுப் பாருங்கள். கறுப்பான ஆளைப் பார்த்துப் பகிடி, தடித்த ஆளைப் பார்த்துப் பகிடி, மனைவி என்றால் பகிடி, ஆண் ஒருவர் சேலை கட்டி வந்தாலே பகிடி. எல்லாம் அப்போதும் இருந்தது. நமக்குப் பதினைந்து வயது, பக்கத்தில் கூட்டாளிமார், யாரோ ஒரு உம்மா கொண்டுவந்து வைத்த பிளேன்டீ. அந்தச் சந்தோஷத்தையும் சேர்த்துத்தான் நாம் நிகழ்ச்சிக்குப் புள்ளி போட்டிருக்கிறோம். இப்போது தனியாகப் படுத்துக்கொண்டு போனில் பார்க்கிறோம். சிரிப்பு குறையாமல் என்ன செய்யும்?

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஆளின் நிறத்தையும் உடம்பையும் வைத்துச் செய்யும் பகிடிக்குச் சரக்குத் தேவையில்லை. யோசிக்கத் தேவையில்லை, எழுதத் தேவையில்லை. எதிரில் நிற்பவரை ஒரு தடவை பார்த்தால் போதும். அதனால்தான் சரக்குத் தீரத் தீர அது கூடுகிறது. முன்பு கறிக்கு உப்புப் போல இருந்தது, இப்போது அதுவே கறியாகிவிட்டது. தரம் குறைந்ததென்று நாம் சொல்வது இதைத்தான் என்றால், சஹனில் இருந்த நானாவோடு நாமும் சேருகிறோம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறோம்? டீவியை நிறுத்திவிடலாம், அதன் பிள்ளைகள் நம் பாடசாலையில் இருக்கிறார்கள்.

ஒரு ஆசிரியர் தின விழா. எந்தப் பாடசாலை, எந்த வருடம் என்பது முக்கியமில்லை. தரம் 9 பையன்கள் ஒரு நகைச்சுவை நாடகம் போட்டார்கள். அச்சு அசல் டீவி மாதிரி. ஒருவன் சேலை கட்டி, கையில் வாளியோடு, இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் பெண்ணாக வந்தான். தோட்டத்துத் தமிழை இழுத்து இழுத்துப் பேசினான். "கரன்ட் போனா இவவத் தேட டோர்ச் வேணும்" என்றான் மற்றவன். மண்டபமே அதிர்ந்தது. முன்வரிசையில் ஆசிரியர்கள் நாங்கள் இருந்தோம். நாங்களும் சிரித்தோம். இதை மறைத்து எழுதினால் இந்தப் பதிவுக்கு அர்த்தமில்லை.

தோட்டத்துப் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் சிலரும் அந்த மண்டபத்தில் இருந்தார்கள். தமிழ்மொழிப் பாடசாலை பக்கத்தில் அதுதான் என்பதால் நம் பிள்ளைகளோடு படிப்பவர்கள். தரம் 8இல் ஒரு பிள்ளை, தாய் பால் வெட்டுகிறவர். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அடுத்த வாரம் வகுப்பில் பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னோம். வழமையாக முதலில் எழும்புகிற பிள்ளை. அன்று எழும்பவில்லை. பிறகு கூப்பிட்டுக் கேட்டதற்கு, "நாங்க பேசினா சிரிப்பாங்க சேர்" என்று மட்டும் சொன்னாள்.

பையன்களைக் கூப்பிட்டுப் பேசினோம். "நிஷா அக்காவே தன்ட நிறத்தப் பத்திப் பகிடி பண்றாங்களே சேர்" என்றான் ஒருவன். கேள்வி நியாயமானது. நிஷா தன்னைப் பற்றித் தானே சொல்கிறார். எதை எப்போது சொல்வது, எங்கே நிறுத்துவது என்பது அவர் கையில் இருக்கிறது. அந்தத் தரம் 8 பிள்ளையின் கையில் என்ன இருந்தது?

நமக்கும் இது நடந்திருக்கிறது. கல்வியியற் கல்லூரிக்குப் போன புதிதில், நாம் "ஈக்கி" என்று சொன்னால் போதும், விடுதி முழுக்கச் சிரிக்கும். முதல் மாதம் வாயைத் திறக்கவே பயம். பிறகு நாமும் அவர்களுடைய பேச்சைப் பேசிக் காட்டப் பழகினோம், கடைசி வருடம் எல்லோரும் எல்லோரையும் பேசிக் காட்டிச் சிரித்தோம். அது வலிக்கவில்லை. இரண்டு பக்கமும் போய் வந்த சிரிப்பு அது.

நம் நாட்டில் இதற்கு நல்ல முன்மாதிரி இருந்தது. இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' கேட்ட கதையை வாப்பாமார் சொல்வார்கள். அதுவே 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. மரிக்கார் என்ற முஸ்லிம் பாத்திரத்தில் ராமதாஸ். ஐயர் பாத்திரத்தில் நம் பீ.எச். அப்துல் ஹமீத். அப்புக்குட்டியாக ராஜகோபால், உபாலியாக செல்வசேகரன். ஒவ்வொருவர் பேச்சும் ஒவ்வொரு மாதிரி, பகிடியே அதில்தான். ஆனால் நான்கு பேரும் ஒரே இடத்தில் நின்றார்கள், நான்கு பேருக்கும் அடி விழுந்தது, நான்கு பேரும் திருப்பியும் கொடுத்தார்கள். ராமதாஸைக் கடைசி வரைக்கும் 'மரிக்கார் ராமதாஸ்' என்றே நம் ஆட்கள் பாசமாகச் சொன்னார்கள்.

ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைப் பரிகாசம் செய்வதைப் பற்றி சூரத்துல் ஹுஜுராத் என்ன சொல்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஜும்ஆவிலும் கேட்டிருக்கிறோம். அதைக் கேட்டுவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தவர்கள் நாம். அதனால் உபதேசம் செய்ய நமக்குத் தகுதியில்லை, ஒரு வேண்டுகோள் மட்டும்.

பிள்ளைகளைச் சிரிக்க வேண்டாம் என்று தடுக்காதீர்கள். தடுத்தால் ஒளித்துப் பார்ப்பார்கள். அடுத்த விழாவுக்கு டீவியைப் பார்த்து எழுதாமல் ஊரைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். காலையில் கொழும்பு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும் நம்மைப் பற்றி எழுதட்டும். தலகுளி வாங்கக் கண்டி வீதியில் வாகனத்தை நடுவிலேயே நிறுத்துகிறவர்களைப் பற்றி எழுதட்டும். கூட்டம் வைத்துக் கூட்டத்தைப் பற்றியே பேசும் ஆசிரியர்கள் எங்களைப் பற்றியும் எழுதட்டும். எழுதி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: யாரைப் பற்றி எழுதினாயோ அவரை முன்வரிசையில் உட்கார வைத்து இதை நடிப்பாயா?

இந்த வருடம் நம் வகுப்புப் பிள்ளைகளிடம் அதைக் கேட்டோம். ஆசிரியர் கூட்டத்தைப் பற்றி ஒரு நாடகம் எழுதினார்கள். அதிபர் முன்வரிசையில் இருந்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அதிபராக நடித்தது அந்தத் தோட்டத்துப் பிள்ளைதான். தன்னுடைய பேச்சிலேயே பேசினாள்.

உங்கள் கருத்தையும் சொல்லுங்கள். பழைய பகுதிகளில் இன்றும் சிரிப்பு வருகிற ஒன்று இருந்தால் அதையும் சொல்லுங்கள், பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கலாம்.