டாக்டருக்கு நோயாளிகள் போடும் மார்க்... பிரிட்டனில் நடப்பது என்ன?

கிளினிக்கை விட்டு வெளியே வந்ததும் நம்மில் பலர் என்ன செய்வோம்? `நான் சொன்னதைக் காது கொடுத்தே கேக்கல', `மாத்திரை எதுக்குன்னு சொல்லவே இல்ல' என்று வீட்டில் புலம்புவோம். அந்தப் புலம்பல் டாக்டரின் காதுக்கு மட்டும் போய்ச் சேராது. தன்னிடம் என்ன குறை என்று தெரியாமலே அவரும் அடுத்த நோயாளியைப் பார்ப்பார்.

பிரிட்டனில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே டாக்டர்களின் பதிவைக் கவனிக்கும் அமைப்பு, ஜெனரல் மெடிக்கல் கவுன்சில். 2012 டிசம்பரிலிருந்து, லைசென்ஸ் உள்ள டாக்டர்கள் வழக்கமாக 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை தங்கள் தகுதியை மறுபடி உறுதிப்படுத்த வேண்டும். அதன் ஒரு பகுதியாக நோயாளிகளிடமும், உடன் வேலை செய்பவர்களிடமும் கருத்து கேட்டாக வேண்டும்.

என்ன கேட்பார்கள்?

மரியாதையாக நடத்தினாரா, சொன்னதைக் கவனித்தாரா, நோயைப் புரியும்படி விளக்கினாரா... இவை நோயாளிகளுக்கான கேள்விகள். சக டாக்டர்கள், நர்ஸ்கள் போன்றவர்களிடம் சிகிச்சைத் திறன், மருத்துவக் குறிப்புகளை எழுதும் விதம், மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்யும் பாங்கு ஆகியவற்றைக் கேட்பார்கள். கருத்து சொன்னவர் யார் என்பது டாக்டருக்குத் தெரியாது. அவரும் தன்னைத் தானே மதிப்பிட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மார்க்கை அப்படியே நம்பலாமா?

நாலு பேர் சொன்னால் போதாது. நம்பகமான முடிவுக்குக் குறைந்தது 34 நோயாளிகள், 15 சக பணியாளர்களின் கருத்து தேவை என்கிறது பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு. இன்னொரு சிக்கலும் உண்டு. ஐரோப்பாவுக்கு வெளியே மருத்துவம் படித்த டாக்டர்களுக்கு மார்க் குறைவாக வந்ததை 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தியாவில் படித்துவிட்டு அங்கே வேலை பார்ப்பவர்களையும் இது பாதிக்கும். எனவே, மார்க்கை மட்டும் வைத்து ஒருவரை நல்ல டாக்டர், மோசமான டாக்டர் என்று முடிவு கட்டுவது நியாயமாகாது.

மாற்றம் எப்போது வரும்?

ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் டாக்டர் மாறிவிட மாட்டார். குறை சொன்னால் யாருக்கும் முதலில் கோபம்தான் வரும். அனுபவமுள்ள இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து, `இதில் எதை முதலில் சரிசெய்யலாம்?' என்று பேசும்போதுதான் பலன் அதிகம் என்கின்றன ஆய்வுகள். பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் மதிப்பீட்டுச் சந்திப்பில் இப்படிப் பேச இடம் இருக்கிறது.

நீங்கள் கருத்து சொல்வதானால்...

`சூப்பர் டாக்டர்', `மோசம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால், எதைத் தொடர்வது, எதைத் திருத்துவது என்று அவருக்குத் தெரியாது. `ஸ்கேன் ரிசல்ட்டைப் படம் வரைந்து விளக்கினார்', `பேசும்போது கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்' என்று நடந்ததை அப்படியே எழுதுங்கள். அதை வைத்து அடுத்த நோயாளியிடமே அவர் தன்னை மாற்றிக்கொள்ள முடியும்.