வளர்ப்பு சரியில்லையா?

தோழர்களே, ஒரு சின்னப் பையன் திருட்டு கேஸ்ல மாட்டினா கமெண்ட்ல முதல்ல விழுற வரி, "பெத்தவங்க வளர்ப்பு சரியில்ல". நம்ம ஆளுங்களும்தான் எழுதுறாங்க, மறைக்க என்ன இருக்கு?

2015 சிறார் நீதிச் சட்டத்தை எடுத்துப் படிங்க. பிள்ளையைப் பராமரிக்கிற முதல் பொறுப்பு குடும்பத்துக்கு, இல்லத்தில் வைப்பது கடைசி வழி என்கிறது 3-வது பிரிவு. பையனுக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை சொல்லி வீட்டுக்கே அனுப்பலாம், 18-வது பிரிவில் அதுதான் முதல் வழி.

அப்புறம் ஏன் பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயசுப் பையன் 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்துக்குப் போய்ப் பிணமாகத் திரும்பினான்? கைதானது இல்லத்து ஊழியர்கள் 6 பேர். அந்தத் தாயைப் பார்த்து "வளர்ப்பு சரியில்ல"ன்னு சொல்ல யாருக்கு வாய் வரும்? அதுக்கப்புறம் போட்ட நீதியரசர் சந்துரு குழு 2023-லேயே அறிக்கை கொடுத்தாச்சு.

கூலி வேலை பார்க்கிற அம்மா வெளியூர் இல்லத்தில் இருக்கிற மகனைப் பார்க்கப் போனா அன்னிக்குக் கூலி போச்சு, பஸ் டிக்கெட் தனி. அதை அரசு கொடுக்கட்டும். மகனோட சேர்த்து அவங்களுக்கும் கவுன்சலிங் கொடுக்கட்டும்.

இன்னொண்ணு. பிடிபட்ட பையன் போட்டோ வாட்ஸ்அப்ல வந்தா ஃபார்வர்ட் பண்ணாதீங்க. 74-வது பிரிவுப்படி சிறார் அடையாளத்தை வெளியிடுறது குற்றம். நம்ம குரூப்னாலும் டெலீட்தான்.