கறுப்பு வெள்ளையில் ஒரு நீர்நகரம்

இத்தாலி நாட்டின் வெனிஸ் நகரைக் கறுப்பு வெள்ளை ஒளிப்படங்களில் கண்டு பழகியவர்க்கு, அந்நகரம் என்றுமே சாம்பல் நிறத்தில்தான் இருந்திருக்கும் என்னும் எண்ணம் தோன்றுவது இயல்பே. உண்மை வேறு. அங்குள்ள பெருங்கால்வாயின் கரையில் நிற்கும் ‘கா தோரோ’ மாளிகையின் பெயருக்கே ‘பொன் இல்லம்’ என்பது பொருள். பதினைந்தாம் நூற்றாண்டில் எழுந்த அதன் முகப்பில் தங்க ரேக்கு ஒட்டப்பட்டிருந்தது. விலைமிக்க நீல வண்ணமும் செந்நிறமும் பூசப்பட்டிருந்தன. காலமும் உப்புக்காற்றும் அவற்றை அழித்துவிட்டன. நிறமற்ற ஒளிப்படம் நமக்குக் காட்டுவது, கட்டியவர்கள் கனவிலும் கண்டிராத ஒரு மாளிகையை.

ஆயினும், வெனிஸின் கட்டடக்கலையை அறிய விரும்புவோர்க்குக் கறுப்பு வெள்ளைப் படமே சிறந்த துணை என்பது என் கருத்து. எல்லாக் கறுப்பு வெள்ளைப் படங்களையும் நான் சொல்லவில்லை.

ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் 1845ஆம் ஆண்டு வெனிஸுக்குச் சென்றபோது, புதுப்பித்தல் என்னும் பெயரில் கா தோரோவின் கற்களைத் தொழிலாளர்கள் பெயர்த்துக்கொண்டிருந்தனர். சம்மட்டி ஒலிக்கு நடுவே அமர்ந்து அவர் அதனை வரைய முயன்றார். அவர் வரைந்த வேகத்தினும் கற்கள் பெயர்ந்த வேகம் மிகுதி. அப்பயணத்தில்தான் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் வெனிஸ் மாளிகைகளின் டாகுரியோடைப் படங்கள் சிலவற்றை அவர் விலைக்கு வாங்கினார். வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் பதிந்த சிறிய படங்கள் அவை. கல்லின் விரிசலும் கறையும்கூட அவற்றில் தப்பவில்லை. 1851 முதல் 1853 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த ‘வெனிஸின் கற்கள்’ என்னும் நூலுக்கான ஆய்வில் இத்தகைய படங்கள் அவருக்குத் துணைநின்றன. பின்னாளில் ஒளிப்படத்தைக் கலையாக ஏற்க அவர் மறுத்தார் என்பது வேறு செய்தி. சான்றாக அதன் மதிப்பை முதலில் உணர்ந்தவர்களுள் அவரும் ஒருவர்.

அக்காலத் தகடுகள் நீல ஒளியை மிகுதியாக ஏற்றன. செவ்வொளியை ஏறத்தாழ ஏற்கவேயில்லை. ஆதலால் வானம் வெறும் வெண்மையாயிற்று, செங்கற்சுவர் இருண்டது, இஸ்திரியா பகுதியிலிருந்து கொணர்ந்த வெண்ணிறக் கல் பளிச்சிட்டது. கல்லும் செங்கல்லும் இவ்வாறு பிரிந்து தெரிவது சிறிய பயன் அன்று. சேற்றில் அறைந்த மரக்கம்பங்களின்மேல், நீர் எளிதில் ஊடுருவாத இஸ்திரியக் கல்லை அடுக்கி, அதன்மேல் செங்கற்சுவர் எழுப்புவது வெனிஸ் மக்களின் கட்டட முறை. கடல்மட்டம் உயர்ந்து நிலமும் அமிழ்ந்தமையால், நீர் இன்று பல இடங்களில் அக்கல்லடுக்கைக் கடந்து செங்கல்லைத் தொடுகிறது. செங்கல் உப்புநீரை உறிஞ்சுகிறது. நீர் உலர, உள்ளே தங்கிய உப்பு சுவரை உதிர்க்கிறது. வண்ணப்படத்தில் மாலை ஒளியின் பொன்மினுக்கில் நம் கண் மயங்கிவிடும். கறுப்பு வெள்ளைப் படமோ, ஈரம் ஏறிய எல்லையைக் கரிய பட்டையாகக் காட்டிவிடுகிறது.

அதே கருவி பொய்யும் உரைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெனிஸில் ஒளிப்பட நிலையம் நடத்திய கார்லோ நாயா, பகலில் எடுத்த காட்சிகளை இருட்டாக அச்சிட்டு, நீலச் சாயமேற்றி, நிலவொளிக் காட்சிகளாக விற்றார். பயணிகள் விரும்பி வாங்கினர். அக்காலக் கருவிகளுக்கு நீண்டநேரம் ஒளி தேவைப்பட்டமையால், நடப்போர் உருவம் பதியாமல் மறைந்தது, அலையும் கண்ணாடியாயிற்று. அது கருவியின் குறை. இன்றோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் படமெடுக்க முடிந்தும், ஒளியைக் குறைக்கும் கண்ணாடியை வில்லையின்முன் பொருத்தி, அந்த வெறுமையை வேண்டுமென்றே வரவழைப்போர் பலர். மூடுபனி, ஆளற்ற படகுத்துறை, அசையாத நீர்! பார்க்க இனியவைதாம், ஏற்கத்தான் தயங்குகிறேன்.

1951இல் வெனிஸின் பழைய நகர்ப்பகுதியில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022இல் அத்தொகை 50,000க்கும் கீழே இறங்கியது. வெள்ளமும் வீட்டு விலையும் சுற்றுலாப் பெருக்கமும் அவர்களை வெளியேற்றின. மக்கள் மெய்யாகவே நீங்கிக்கொண்டிருக்கும் ஊரை ஆளற்ற அழகாகக் காட்டும்போது, அந்த வெளியேற்றம் இழப்பாகத் தோன்றுவதில்லை; அழகின் ஒரு கூறாகவே தோன்றிவிடுகிறது.

நான் காண விரும்பும் படத்திலும் நிறம் இராது. உப்பு அரித்த செங்கல் இருக்கும். கரையோரம் கட்டிய காய்கறிப் படகு இருக்கும். மேலே, கால்வாயின் குறுக்கே கட்டிய கயிற்றில் துணி உலர்த்த நீளும் ஒரு கையும் இருக்கும்.