உலைச் சூடு யார் தலையில்?

எரிபொருள் விலை ஏறிவிட்டது என்று கண்ணாடி முதலாளிகள் ஒப்பாரி வைக்கிறார்கள். ஒப்பாரி முடிந்ததும் தொழிலாளியின் கூலியில் கை வைக்கிறார்கள். இந்த நாடகம் புதிதல்ல.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கண்ணாடி முதலாளிகள் என்ன சொன்னார்கள்? உலையில் வேலை செய்யும் சிறுவர்களுக்குச் சோற்று நேரம் விட்டால், அந்த நேரத்துச் சூடு வீணாகிவிடும் என்றார்கள்! 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ நூலில் மார்க்ஸ் இதை அம்பலப்படுத்தினார். பிள்ளையின் பசி நஷ்டக் கணக்கில் வரவில்லை. உலையின் அனல் மட்டும் வந்தது.

உண்மையில் சூடு எங்கே வீணாகிறது? கண்ணாடி உருக 1,500 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். பெரிய உலையை இரவில் அணைத்துக் காலையில் மூட்ட முடியாது. ஆண்டுக்கணக்கில் எரிந்துகொண்டே இருக்கும். சூட்டில் பெரும்பங்கு புகைபோக்கி வழியே போகிறது. அதை மீட்கும் உலைக்கு பிரெடரிக் சீமென்ஸ் 1856லேயே காப்புரிமை பெற்றார். வழி தெரிந்திருந்த காலத்தில்தான் சிறுவனின் சோற்று நேரத்தில் சிக்கனம் தேடினார்கள்!

இன்றும் வழிகள் உண்டு. புகையின் சூட்டால் காற்றைக் காய்ச்சி உலைக்குள் விடலாம். உடைந்த கண்ணாடியைக் கலந்து உருக்கலாம். பத்துப் பங்கு கலந்தால் எரிபொருளில் இரண்டரை முதல் மூன்று சதம் மிஞ்சும்.

வளையல் நகரமான பிரோசாபாத்தைப் பாருங்கள். தாஜ்மகாலைப் புகையிலிருந்து காக்க, 1996 டிசம்பர் 30 அன்று சுப்ரீம் கோர்ட் நிலக்கரியை விலக்கி எரிவாயுவுக்கு மாறச் சொன்னது. சூட்டை மீட்கும் எரிவாயு உலையை டெரி நிறுவனம் அங்கே உருவாக்கிக் காட்டியது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் வீட்டு மூலையில் சுடர் முன் குனிந்து வளையல் முனைகளை ஒட்டும் பெண்களுக்கு அந்த மிச்சத்தில் பங்கு உண்டா? 2022இல் உலகச் சந்தையில் எரிவாயு விலை தாவியபோது முதலாளிக்குச் சரக்கு விலையை ஏற்ற வழி இருந்தது. துண்டுக் கூலிக்காரிக்கு என்ன வழி?

இனயத்து மீனவனுக்கு இது புரியும். வள்ளத்து எஞ்சினுக்கு எண்ணெய் விலை ஏறினால் அவன் யார் கூலியை வெட்டுவான்? தன் வயிற்றைத்தான்!

இனயத்துக்கும் கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். உருகிய கண்ணாடியைத் தாங்கும் உலைக்கல்லில் சிர்கான் சேர்கிறது. அந்தச் சிர்கான் நம் கடற்கரை மணலில் இருக்கிறது. மணவாளக்குறிச்சி ஆலை பிரித்தெடுக்கிறது. இனயம் புத்தன்துறை உள்ளிட்ட ஊர்களில் 1,144 ஹெக்டேரில் மணல் தோண்டத் திட்டம் போட்டார்கள். 2024 அக்டோபர் 1 அன்று நடக்க வேண்டிய கருத்துக் கேட்புக் கூட்டம் மக்கள் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது. கரை அரித்தால், வீடு சரிந்தால், அந்தச் செலவு எந்த முதலாளியின் பேரேட்டில் ஏறும்?

நாம் சிக்கனத்துக்கு விரோதிகள் அல்ல. தொழிலாளியின் வயிற்றில் செய்யும் சிக்கனத்துக்கு விரோதிகள்! ஆகவே கோருகிறோம்:

எரிபொருள் விலையைக் காட்டிக் கூலியை வெட்டாதே! உலையைச் சீர்திருத்தும் செலவை லாபத்திலிருந்து போடு! எரிபொருள் கணக்கைத் தொழிற்சங்கத்தின் முன் வை! வீட்டிலிருந்து உழைப்பவரையும் தொழிலாளி என்று ஏற்றுக்கொள்! மக்கள் சம்மதமின்றி நம் கரையில் ஒரு பிடி மணலும் அள்ளாதே!

உலைக்களத் தொழிலாளியும் கடற்கரை உழைப்பாளியும் ஒன்றுபட்டால் இந்தக் கணக்கு திருத்தப்படும். ஒன்றுபடுவோம்!