விழுங்க முடியுமா என்று முதலில் கேட்போம்

கடும் நோயுற்ற ஒருவரின் சிகிச்சைக் குறிப்பேட்டில் 'ரைல்ஸ் குழாய் செருகப்பட்டது' என்னும் வரியை எளிதில் காணலாம். அதற்கு முன்னர் இடம்பெற வேண்டிய 'விழுங்கும் திறன் மதிப்பிடப்பட்டது' என்னும் வரி நம் நாட்டில் பல இடங்களில் இருப்பதில்லை. வாய்வழி உணவை நிறுத்துவதும், குழாயைச் செருகுவதும், சில நாள் கழித்துக் குழாயை எடுத்துவிட்டுக் கஞ்சி கொடுக்கச் சொல்வதும் நோயாளியின் விழுங்கலை ஒருமுறைகூடச் சோதிக்காமலேயே நடந்தேறிவிடுகின்றன. அந்த விடுபட்ட வரியைப் பற்றியதே இப்பதிவு. நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் போல விழுங்கும் திறனும் ஒவ்வொரு கடும் நோயாளிக்கும் குறிக்கப்பட வேண்டிய அடிப்படைச் செய்தி என்பதே என் வாதம்.

விழுங்குதல் நாம் எண்ணுவதைவிடச் சிக்கலான செயல். 30க்கும் மேற்பட்ட தசைகளும், முதன்மையாக 5 மூளை நரம்புகளும் இதில் பங்கேற்கின்றன. கவளம் தொண்டையைக் கடக்கும் ஏறத்தாழ ஒரு நொடிக்குள் மூச்சு நின்று, குரல்வளை மேலெழுந்து, குரல்நாண்கள் மூடி, உணவுக்குழாயின் மேல்வாய் திறக்க வேண்டும். பக்கவாதம், பார்கின்சன் நோய், இயக்க நரம்பணு நோய், முதுமை மறதி நோய், தலை மற்றும் கழுத்துப் புற்றுநோய், அதற்கு அளிக்கப்படும் கதிர்வீச்சு ஆகிய ஒவ்வொன்றும் இவ்வொழுங்கைத் தனக்கே உரிய வகையில் குலைக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள் கணக்கில் செயற்கைச் சுவாசக் குழாயுடன் இருந்தவர்களுக்கும், அக்குழாய் அகற்றப்பட்ட பின் இச்சிக்கல் தோன்றுவதுண்டு.

உணவோ நீரோ குரல்வளைக்குள் இறங்குவதைத் தமிழில் புரையேறுதல் என்கிறோம். புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லித் தலையில் தட்டுவது நம் வீட்டு வழக்கம். உண்மையில் அந்த இருமல் ஒரு காவல். தவறிச் சென்றதை உடல் வெளியே தள்ளும் முயற்சி. நரம்பு நோயாளிகள் பலரிடம் இக்காவல் செயலிழந்துவிடுகிறது. உணவு மூச்சுக்குழாய்க்குள் சென்றும் அவர்கள் இருமுவதில்லை. இந்த ஓசையற்ற புரையேறலே மிகுந்த தீங்கு தருவது. 'நன்றாகத்தான் சாப்பிடுகிறார், இருமலே இல்லை' என்று வீட்டார் நிம்மதி அடையும் வேளையில் நிமோனியா தொடங்கியிருக்கக்கூடும்.

மதிப்பீடு என்றவுடன் விலையுயர்ந்த கருவிகளை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. முதற்கட்டச் சோதனை படுக்கையருகிலேயே செய்யத்தக்கது. நோயாளி விழிப்புடன் இருக்கிறாரா, நிமிர்ந்து அமர முடிகிறதா, தன் எச்சிலை விழுங்குகிறாரா, வேண்டும்போது இரும முடிகிறதா, பேசும்போது குரலில் ஈரம் கலந்த கரகரப்பு உண்டா என்று பார்த்த பின்னரே நீரைத் தர வேண்டும். 90 மி.லி. நீரை நிறுத்தாமல் அருந்தச் செய்து, இருமலையும் குரல் மாற்றத்தையும் கவனிக்கும் சோதனை நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. ஆஸ்திரியாவில் உருவாகி 2007இல் வெளியான கக்கிங் சோதனை, முதலில் கூழ்மம், அடுத்து நீர், பின்னர் திட உணவு என்று படிப்படியாகச் செல்கிறது. தொண்டையைத் தொட்டுக் குமட்டல் வருகிறதா என்று மட்டும் பார்த்து முடிவு செய்வது போதாது. நலமாக உள்ளவர்களிலும் பலருக்குக் குமட்டல் அனிச்சை இருப்பதில்லை. அது இருப்பவர் பாதுகாப்பாக விழுங்குவார் என்பதற்கும் உறுதியில்லை.

படுக்கையருகுச் சோதனை ஐயத்தை எழுப்பும். விடையை முழுமையாகத் தராது. ஐயம் எழுந்தால் பேச்சு மொழி நோயியல் வல்லுநர் விரிவாக ஆராய வேண்டும். பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து எடுக்கும் எக்ஸ்ரே காணொளியும், மூக்கு வழியாக நெகிழ்குழாய்க் கேமராவைச் செலுத்தித் தொண்டையை நேரில் காணும் முறையும் ஓசையற்ற புரையேறலைக் காட்டக்கூடியவை. இரண்டாவது முறை 1988இல் அறிமுகமானது. கருவியைப் படுக்கையருகே கொண்டுவரலாம் என்பதால் எழ இயலாத நோயாளிகளுக்கு மிகவும் ஏற்றது.

'வல்லுநர்களே போதுமான அளவில் இல்லாத நாட்டில் இவையெல்லாம் நடக்குமா?' என்ற கேள்வி நியாயமானது. 1965இல் மைசூருவில் அகில இந்தியப் பேச்சு, கேட்பியல் நிறுவனம் தொடங்கப்பட்ட பின்னர் இத்துறை வளர்ந்துள்ளது என்றாலும், மாவட்ட மருத்துவமனையின் பொது வார்டு வரை அது சென்று சேரவில்லை. ஆனால் முதற்கட்டச் சோதனைக்கு வல்லுநரே வேண்டும் என்பதில்லை. ஆஸ்திரேலியாவின் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வு ஒன்று, காய்ச்சல், இரத்தச் சர்க்கரை, விழுங்கல் ஆகிய மூன்றையும் செவிலியர்கள் நெறிமுறைப்படி கவனிக்கச் செய்தது. 90 நாள்களுக்குப் பின், இறப்போ பிறரைச் சார்ந்த நிலையோ நேர்ந்தவர்களின் விகிதம் அந்நெறிமுறை பின்பற்றப்பட்ட பிரிவுகளில் ஏறத்தாழ 16 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்திருந்தது. இப்பயனில் விழுங்கல் சோதனையின் பங்கை மட்டும் தனியே பிரித்தெடுக்க இயலாது. ஆயினும், புதிய மருந்தோ கருவியோ இன்றி, பயிற்சி பெற்ற செவிலியர்களால் இத்தகைய மாற்றம் இயலும் என்பது நமக்குப் பாடம்.

மதிப்பீட்டுக்குப் பின் வரும் சிகிச்சையும் 'வாய்வழி எதுவும் கூடாது' என்று எழுதுவதோடு முடிந்துவிடுவதில்லை. நிமிர்ந்து அமர்த்துதல், சிறு கரண்டி, ஒரு வாய் விழுங்கிய பின்னரே அடுத்தது, சிலருக்கு முகவாயைத் தாழ்த்தி விழுங்கல், தசைப் பயிற்சிகள் என வழிகள் பல உள்ளன. அவற்றுள் எளியதும் நாம் மிகவும் புறக்கணிப்பதும் வாய்த் தூய்மை. புரையேறல் நிமோனியாவை முன்கூட்டியே காட்டும் காரணிகளை ஆராய்ந்த 1998ஆம் ஆண்டு ஆய்வில், உணவு ஊட்டப் பிறரைச் சார்ந்திருத்தல், வாயைத் தூய்மை செய்யப் பிறரைச் சார்ந்திருத்தல், சொத்தைப் பற்களின் எண்ணிக்கை ஆகியவை முன்னணியில் நின்றன. நுரையீரலுக்குள் செல்வது உணவு மட்டுமன்று. வாயில் பெருகிய கிருமிகளும்தாம். குழாய் வழி உணவு பெறும் நோயாளிக்குப் பல் துலக்கத் தேவையில்லை என்று கருதுவது இதனால்தான் ஆபத்தானது.

இனி உணவின் பதம். உணவுப் பதங்களுக்கான பன்னாட்டுத் தரப்படுத்தல் முறை, மெல்லிய நீர் முதல் வழக்கமான திட உணவு வரை 0 முதல் 7 வரையிலான நிலைகளை வகுக்கிறது. நீர்மத்தின் தடிமனை அறிய 10 மி.லி. சிரிஞ்சு போதும்: 10 நொடி வடிந்த பின் எஞ்சும் அளவே நிலையைச் சொல்லிவிடும். அம்முறையை நம் அடுப்படிக்குக் கொண்டுவரும் பணி இன்னும் நிறைய மீதமுள்ளது. எளிதில் இறங்கும் என்று நம்பி நாம் நோயாளிக்குத் தரும் ரசம் சாதத்தில் மெல்லிய நீரும் தனித்தனிப் பருக்கைகளும் கலந்துள்ளன. பருக்கையை மென்றுகொண்டிருக்கும்போதே ரசம் தொண்டைக்குள் வழிந்துவிடும். குழைய மசித்த தயிர் சாதமோ, பருப்புடன் நன்கு குழைந்த கிச்சடியோ சிலருக்கு அதைவிடப் பாதுகாப்பானதாகலாம். கேழ்வரகுக் கூழ் சூட்டில் ஒரு பதம், ஆறிய பின் வேறொரு பதம். மாவுச்சத்தால் கெட்டியான நீர்மத்தை எச்சிலில் உள்ள நொதி இளக்கிவிடும். உணவியல், மொழிநோயியல் மாணவர்கள் கைகோத்து, தத்தம் வட்டார உணவுகளை இவ்வாறு அளந்து பதிவு செய்தால் அதுவே பயன்மிக்க ஆய்வாகும்.

எனினும், நீரைக் கெட்டியாக்குவதே எல்லோருக்கும் தீர்வன்று. கெட்டியான நீரை விரும்பாத நோயாளி குறைவாக அருந்துவார். உடலில் நீர் வற்றும். யாருக்கு எந்தப் பதம் என்பதை மதிப்பீடே தீர்மானிக்க வேண்டும்.

குழாயைப் பற்றியும் இவ்வாறே நோக்க வேண்டும். ரைல் என்னும் ஆங்கிலேய மருத்துவர் இரைப்பைச் சுரப்பை வெளியே எடுத்து ஆராயவே அக்குழாயை வடிவமைத்தார்; பின்னரே அது உணவு செலுத்தும் வழியாகப் பரவியது. அது புரையேறலைத் தடுக்கும் கருவி அன்று. குழாய் இருக்கும்போதும் எச்சில் கீழிறங்கும். இரைப்பையில் உள்ளது மேலேறி வரும். அதற்காகக் குழாயைப் பகையாகக் கருத வேண்டியதில்லை. விழுங்க இயலாத பக்கவாத நோயாளிகளுக்கு முதல் நாள்களிலேயே குழாய்வழி உணவைத் தொடங்குவது இறப்பைக் குறைக்கக்கூடும் என்று 2005இல் வெளியான பன்னாட்டு ஆய்வு சுட்டியது. அவர்களுள் பலருக்கு விழுங்கல் வாரங்களில் மீளும்; குழாய் அதுவரையிலான பாலம். முற்றிய முதுமை மறதி நோயில் நிலைமை வேறு. அங்கே குழாய் வாழ்நாளை நீட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ சான்று இல்லை என்பதால், பொறுமையுடன் கையால் ஊட்டுவதையே அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் பரிந்துரைக்கிறது. அறிகுறி ஒன்றே, நோயின் போக்கு வேறு, ஆகவே விடையும் வேறு.

இறுதிக்கட்டத்தில் இலக்கே மாறிவிடுகிறது. சிறிது புரையேறும் என்று அறிந்தே, நோயாளி விரும்பும் இரண்டு கரண்டி காப்பியைத் தருவது அப்போது சரியான சிகிச்சையாக இருக்கலாம். 'பட்டினி போட்டா அனுப்புவது?' என்று குடும்பத்தார் கேட்பதில் அறியாமை இல்லை. சோற்றை அன்பாகக் காணும் பண்பாட்டின் குரல் அது. அவர்களிடம், உடல் அடங்கிவரும் நாள்களில் பசியும் இயல்பாகவே குறைகிறது என்பதை அமர்ந்து விளக்க வேண்டும். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் அருணா ஷான்பாக் பல பத்தாண்டுகள் செவிலியர் ஊட்டிய மசித்த உணவை உண்டு வாழ்ந்ததை உச்ச நீதிமன்றத்தின் 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பு பதிவு செய்துள்ளது. கையால் ஊட்டுவதும் தேர்ச்சி வேண்டும் மருத்துவப் பணிதான் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. முன்கூட்டிய மருத்துவ உத்தரவுகளை 2018இல் ஏற்ற அதே நீதிமன்றம், 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. குழாய் வேண்டுமா, வேண்டாமா என்று பேசும் ஆற்றல் இருக்கும்போதே நோயாளியிடம் கேட்டு எழுதிவைக்க இப்போது வழி உண்டு.

எனவே மூன்று வேண்டுகோள்கள். செவிலியர் பயிற்சியில் விழுங்கல் சோதனை கட்டாயச் செய்முறையாக வேண்டும். தீவிர சிகிச்சை, நரம்பியல், புற்றுநோய், நோய்த்தணிப்புப் பிரிவுகளில் முதல் வாய் உணவுக்கோ முதல் குழாய்க்கோ முன் அச்சோதனையின் முடிவு எழுதப்பட வேண்டும். செருகிய ஒவ்வொரு குழாய்க்கும், எதற்காக, எவ்வளவு காலம், மறுமதிப்பீடு எந்நாள் என்ற குறிப்பு இருக்க வேண்டும். இவற்றுக்குப் பெரும் செலவு இல்லை. மருத்துவ, செவிலிய மாணவர்கள் அடுத்த முறை வார்டுக்குச் செல்லும்போது, குழாயுடன் இருக்கும் ஒருவரின் குறிப்பேட்டைத் திறந்து அந்த வரியைத் தேடிப் பாருங்கள். இல்லையெனில், உங்கள் பேராசிரியரிடம் ஏன் என்று கேளுங்கள்.