பத்துமலையைக் கண்டுபிடிச்சது யாரு?

மலேசியா போய்வருகிற நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் ஒரே போட்டோவோடுதான் திரும்புகிறார்கள். தங்கநிற முருகன், பக்கத்தில் 272 படி, முன்னால் இவர்கள். 'தமிழன் கடல்தாண்டிப் போயி ஒரு மலையையே புடிச்சிருக்கான் பாத்தியா' என்கிற பெருமை வேறு. எந்தத் தமிழன்? யாரிடமிருந்து பிடிச்சான்? கேட்டால் முகம் கறுத்துவிடுகிறது.

பேரிலிருந்தே தொடங்குவோம். இந்தியாவில் ஆறு படைவீடு, மலேசியாவில் நாலு, ஆகமொத்தம் இது பத்தாவது, அதனால் பத்துமலை என்று பக்திமான்கள் கணக்குப் போடுகிறார்கள். கணக்கு சரி, மொழிதான் தப்பு. மலாய் மொழியில் 'பத்து' என்றால் கல். பக்கத்தில் ஓடுகிற ஆற்றுக்குப் பேர் சுங்கை பத்து, அதாவது கல்லாறு. அந்த மண்ணின் பேச்சில் இருந்த பேரை நம் சாமிக்கணக்கில் ஏற்றிக்கொண்டாயிற்று. பேரைப் பிடுங்கியபின் மலையைப் பிடுங்க எவ்வளவு நேரமாகும்?

கோலாலம்பூருக்கு வடக்கே நிற்கும் இந்தச் சுண்ணாம்புக்கல் மலையின் கல்லுக்கு வயசு சுமார் 40 கோடி வருசம். கடலடியில் செத்த உயிர்களின் ஓடும் எலும்பும் படிந்து இறுகிய கல். மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமிலவாயுவைக் கலந்துகொண்டு அதைத் துளித்துளியாகக் கரைத்துக் குகையாக்கியிருக்கிறது. மேலே பார்த்தால் மொட்டைப்பாறை மாதிரித் தெரியும். ஆனால் 2021இல் வெளிவந்த தாவரப் பட்டியலில் இந்த ஒற்றை மலையில் 366 வகைச் செடிகொடிகள் இருக்கின்றன. தீபகற்ப மலேசியாவின் சுண்ணாம்புக்கல் மலைத் தாவரங்களில் கால்வாசி. அதில் அஞ்சு வகை உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

உள்ளே இருட்டுக்குகை. அங்கே வெளிச்சமில்லை, பச்சையில்லை. அப்புறம் எதைத் தின்று உயிர் வாழ்கின்றன? வௌவால் பீயைத் தின்று. நாசூக்காக எழுதவேண்டிய அவசியமில்லை. பீயைத் தின்று கரப்பானும் பூச்சியும், அதைத் தின்று சிலந்தியும் பாம்பும். அங்கே வளையில் மூடிபோட்டுப் பதுங்கியிருக்கும் ஒரு சிலந்திக்கு 1923இல் இந்த மலையின் பேரையே சேர்த்து அறிவியல் பேர் வைத்தார்கள். சிலந்தி இனத்திலேயே ஆகப் பழைய கால்வழி அது. தீட்டு என்று நம்மாட்கள் மூக்கைப் பொத்துகிற சமாச்சாரத்தின்மேல்தான் ஒரு முழு உலகம் நிற்கிறது. வௌவால் போனால் அத்தனையும் போகும்.

வௌவாலின் வேலை குகையோடு முடியவில்லை. இங்கே அடையும் தேன்வௌவால்கள் ராத்திரியில் 38 கிலோமீட்டர் வரை பறந்து கடலோர அலையாத்திக் காட்டுப் பூவில் தேன் குடித்துத் திரும்புவதை 1976இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். துரியானும் பெத்தாயும் காய்ப்பதற்கு மகரந்தம் சுமப்பதும் இவைதாம். பழம் தின்கிறவனுக்குச் சுமக்கிறது யாரென்று தெரியாது. நமக்கு இது பழகிய கதை.

மனுசக் கதையும் அப்படியேதான் இருக்கிறது. 1878இல் வில்லியம் ஹார்னடே என்ற அமெரிக்க இயற்கையாளர் வந்து போனபிறகு இந்த மலை வெளியுலகுக்குத் தெரிந்தது என்று வழிகாட்டிப் புத்தகங்கள் எழுதுகின்றன. அதற்கு முன் மழைக்கு இந்தக் குகையில் ஒதுங்கிய தெமுவான் பழங்குடிகளுக்குத் தெரியாதா? 1860களிலேயே காய்கறித் தோட்டத்துக்கு உரமாக வௌவால் எச்சம் வெட்டி எடுத்த சீனக் கூலிகளுக்குத் தெரியாதா? அவர்கள் பார்த்தால் அது பார்வை, வெள்ளைக்காரன் பார்த்தால் கண்டுபிடிப்பு! இந்த ஹார்னடே யார் என்பதையும் சொல்லிவிடுவோம். பின்னாளில் நியூயார்க் பிராங்ஸ் விலங்குக்காட்சி சாலைக்கு இயக்குநர் ஆனவர். 1906இல் ஓட்டா பெங்கா என்ற காங்கோ நாட்டு மனிதரைக் குரங்குக் கூண்டில் வைத்து வேடிக்கை காட்டியது அவருடைய நிர்வாகத்தில்தான். மனுசனைக் கூண்டில் கண்டவனுக்குக் குகையில் மனுசன் தெரியாமல் போனதில் அதிசயமென்ன?

அடுத்து நம்மாட்கள். 1890களின் தொடக்கத்தில் குகைக்குள் முருகனை வைத்தவர் தம்புசாமிப் பிள்ளை. ஈயச்சுரங்கத்தில் பணம் பார்த்தவர், ஆங்கில அரசுக்கு வேண்டியவர். ரயில்பாதைக்கும் மராமத்து வேலைக்கும் இந்தியாவிலிருந்து கூலிகளைக் கூட்டிவந்தவர் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளே பெருமையாகச் சொல்கின்றன. 1873இல் அவர் கோலாலம்பூரில் கட்டிய மாரியம்மன் கோயில், 1920களின் கடைசிவரை குடும்பத்துக் கோயிலாகவே இருந்தது. மாரியம்மன்! நம் சேரித்தெருவில் கூழ் குடித்துக்கொண்டிருந்தவள், அங்கே பிள்ளைமார் வீட்டுக்குள் பூட்டிக் கிடந்திருக்கிறாள்.

கூட்டிவரப்பட்ட கூலிகள் யார்? ஆர்க்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர், திருச்சி, சேலத்துப் பஞ்சத்தில் காய்ந்த சனங்கள். அதில் பறையர், பள்ளர், சக்கிலியர் கணிசம். கங்காணி கடனைக் கழுத்தில் கட்டிக் கப்பலேற்றினான். தோட்டத்து லயத்திலும் தனி வரிசை ஒதுக்கினார்கள். மலாயாவின் பல கோயில்களில் ஆதிதிராவிடனை உள்ளே விடவில்லை. 1929 கடைசியில் பெரியார் அங்கே போனபோது சாதிக்கெதிரான பேச்சைக் கேட்க அவ்வளவு தொழிலாளிகள் திரண்டது சும்மாவா? கப்பலேறும்போது சாதியைக் கடலில் போட்டுவிட்டான் தமிழன் என்பது மேடைக்காரன் கதை. மூட்டையில் முதலில் வைத்து எடுத்துப்போனதே அதைத்தான்.

1920இல் மரப்படி போட்டார்கள், பிறகு சிமெண்டுப் படி வந்தது. படி போட்டவன் பேர் எங்கே? கோயிலை நிறுவியவருக்குச் சிலை இருக்கிறது. கல் சுமந்தவனுக்கு ஒரு வரிகூட இல்லை. 1942 செப்டம்பர் 1 அன்று இந்த மலைக்குப் பக்கத்தில் கூடிய ஜப்பானிய எதிர்ப்புக் கம்யூனிஸ்டுத் தலைவர்கள், சொந்தக் கட்சித் தலைவனே காட்டிக்கொடுத்ததால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த ரத்தத்தையும் எந்தச் சுற்றுலாக்காரனுக்கும் யாரும் சொல்வதில்லை.

மலையைப் பாதுகாத்த லட்சணம் இன்னொரு கூத்து. சட்டப்படி ஒதுக்கப்பட்ட மலை என்று ஏட்டில் இருந்தபோதே இன்னொரு பக்கத்தில் வெடிவைத்துச் சுண்ணாம்புக்கல் உடைத்தார்கள். 1980களின் தொடக்கத்தில்தான் அது நின்றது. மலை சரியும் என்று சனங்கள் கத்தியபிறகுதான் காது கேட்டது. 2012இல் அடிவாரத்தில் 29 மாடி அடுக்குவீடு கட்ட ஒருவன் வந்தான். கோயில்காரர்களும் குடியிருப்புக்காரர்களும் சுற்றுச்சூழல்காரர்களும் தெருவில் இறங்கினார்கள். மாநில அரசு நிறுத்தியது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அடுத்தவன் கட்டும்போது மட்டும் மலை புனிதமா? 2006இல் 42.7 மீட்டர் உயரத்துக்குச் சிலை எழும்பியபோது நாம் கைதட்டினோம். சிலைக்குப் பூசிய தங்கச்சாயமே 300 லிட்டர். 2022இல் சேலத்துப் பக்கம் அதைவிட உயரமாக ஒன்றைக் கட்டி முந்திவிட்டோம், அந்தப் போட்டி தனி. 2018இல் மரபுச்சின்னத் துறையிடம் அனுமதி கேட்காமலே படிகளுக்கு வானவில் சாயம் அடித்தார்கள். சாயம் ஒன்றும் பெரிய பாவமில்லை. அந்தத் தாவரப் பட்டியல் சொல்லுவதைக் கேளுங்கள்: மலையின் உச்சியைவிட அழிவுக்கு அருகில் இருப்பவை அடிவாரமும், மண்மூடிய கீழ்ச்சரிவும், குகைவாசலும்தான். சரியாக நாம் சிமெண்டு கொட்டுகிற இடங்கள். அந்த அஞ்சு செடிகளுக்கு ஓடிப்போக வேறு மலை கிடையாது. இருட்டுக்குகையை 2019இல் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். வாசலில் நடக்கும் வியாபாரத்தை யார் மூடுவது?

'எங்க பாட்டன் ரத்தம் சிந்தின மண்ணு, எங்களுக்கு உரிமையில்லையா' என்று மலேசியத் தமிழ்த் தோழர்கள் கேட்கலாம். உண்டு. தோட்டத்தை அழித்து உழைத்தவனைத் தெருவில் தள்ளிய நாட்டில் இந்த மலை ஒன்றுதான் நம்முடையது என்று தோன்றுவதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்தப் பாட்டனின் உரிமையைப் பிள்ளைவாள் பேரில் பட்டா போட்டுக்கொண்டு பேசாதீர்கள். அதே சிலாங்கூரில் விமான நிலையச் சாலைக்காக 1995இல் தெமுவான் மக்களின் நிலத்தைப் பிடுங்கினார்கள். மரத்துக்கும் பயிருக்கும் காசு தருவோம், மண் உன்னுடையதல்ல என்றது அரசு. சாகோங் தாசியும் அவர் சனங்களும் வழக்குப் போட்டு, 2002இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றத்தில் மண்ணும் எங்களுடையதுதான் என்று தீர்ப்பு வாங்கினார்கள். சமரசம் ஆகி முடிய 2010 ஆயிற்று. பதினஞ்சு வருசம்! நம் பஞ்சமி நில வழக்குகளைத் தூக்கித் திரிகிறவனுக்கு இது புரியும். பத்துமலைக் கோபுரத்தைப் புகழ்ந்து தமிழில் எழுதிக் குவித்தவர்களில் எத்தனை பேர் சாகோங் தாசி பேரைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

படியேறும் இடத்தில் ஒரு பலகை வைக்கட்டும். தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் எழுதட்டும். முதல் வரியில் தெமுவான், அடுத்து வௌவால் பீ வெட்டிய சீனக் கூலி, அடுத்து படி போட்ட நம் சனம். அதற்கப்புறம் இடமிருந்தால் ஹார்னடே, தம்புசாமி எல்லாரையும் போட்டுக்கொள்ளட்டும். அடிவாரத்தில் இனி ஒரு மூட்டை சிமெண்டு இறங்கக்கூடாது, முருகனுக்காக என்றாலும்.